ஒரே கட்டணம், இரண்டு விதப் படிப்பு: சமயக் கல்லூரி மாணவிக்கு ஒரு பதில்

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த 20 வயதுப் பெண். இடைநிலைப்பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டுச் சைவ சமயக் கல்லூரி ஒன்றில் மூன்று வருட டிப்ளோமாவுக்குச் சேர்ந்தார். இப்போது இரண்டாம் வருடம். பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒரே கட்டணம், ஒரே பாடத்திட்டம். ஆனால் பூசை, ஓமம் செய்து பழகும் கிரியைச் செய்முறை வகுப்பு தொடங்கும் நேரத்தில் பெண்கள் நால்வரும் மடைப்பள்ளிக்கோ பூத்தொடுக்கவோ அனுப்பப்படுகிறார்கள். மாதவிலக்கு நாட்களில் வகுப்பறைக்கே வரக்கூடாது. அப்படி வராத நாட்களுக்கு வருகைப் பதிவில் குறைத்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு விடுதிப் பொறுப்பாளர், "உங்க தோட்டத்துக் கோயில் பழக்கத்தையெல்லாம் இங்கே கொண்டு வராதே" என்றாராம். இப்போது அந்தப் பெண் கேட்கிறார்: நான் கேட்டது தப்பா? வழக்குப் போட முடியுமா? இல்லை, விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடவா?

வயதில் என் பேத்தி மாதிரி இருக்கிறாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் வக்கீல் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் யாருக்காவது மனு எழுத வேண்டும், பாரம் நிரப்ப வேண்டும் என்றால் என்னைத் தேடி வருவார்கள். அந்தப் பழக்கத்தில் சட்டம் கொஞ்சம் தெரியும். திருமுறை அதைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும்.

ஒரே மூச்சில் பதில் வேண்டுமென்றால்: தப்பில்லை, வழக்கு வேண்டாம், இப்போதே வெளியே வராதே. ஆனால் நீ எழுதியிருப்பதைப் பார்த்தால், கோயில் பூசை முறையைச் சொல்லும் ஆகம நூல்களில் பெண்ணுக்கு இடம் உண்டா இல்லையா என்று ஒரு வருடமாக அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாய். அங்கேதான் பிசகு. அந்த வாதத்தில் எதிர்க்கட்சியும் அவர்களே, நடுவரும் அவர்களே. நீ பிடித்துக்கொள்ள வேண்டியது, சேரும்போது உன் கையில் கொடுத்தார்களே, அந்த விளக்கப் புத்தகத்தை. மூன்றாம் பருவத்திலிருந்து கிரியைச் செய்முறை என்று அதில் அச்சடித்திருப்பதாக எழுதியிருக்கிறாய். 'ஆண்களுக்கு மட்டும்' என்று எங்கேயாவது ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாய்.

அதைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன், 'தோட்டத்துக் கோயில் பழக்கம்' என்ற அந்தப் பேச்சு. அது என்னையும் தைத்தது.

நான் பிறந்த தோட்டத்தில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் மாரியம்மன் கோயில் இருந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை. பூசாரி இருட்டோடு எழுந்து காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார். மத்தியானம் பால் நிறுத்துப் போட்டு, குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி, சாயங்காலம் வந்து விளக்கேற்றுவார். அவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் சம்சாரம் ஏற்றுவார். அம்மனுக்குப் புடவை மாற்றுவதும் அந்த அம்மாள்தான், "பொம்பளை சாமிக்கு ஆம்பளையா துணி கட்டுவான்?" என்று சொல்லிக்கொண்டே. யாரும் இதை ஒரு விஷயமாகப் பேசியதில்லை.

அதற்காகத் தோட்டத்தைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கங்காணிமார் தங்கள் ஊரிலிருந்தும் தங்கள் சாதியிலிருந்தும் ஆள் திரட்டிக் கப்பலேற்றிய காலத்திலிருந்தே, சில தோட்டங்களில் சாதிக்கொரு லயம், சாதிக்கொரு சாமி என்று இருந்ததுண்டு. அடுத்த லயத்துச் சாமியைக் கும்பிடப் போனால் முகம் சுளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின. ஆட்கள் பட்டணத்துக்கு வந்தார்கள், கோயில்களும் கூடவே வந்தன. ராஜகோபுரம், கும்பாபிஷேகம், தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பெர்மிட்டில் வந்த குருக்கள்மார், ஆகம முறைப் பூசை. இதில் நல்லதும் வந்தது, மறுக்க மாட்டேன். தேவாரம் கேட்டறியாத பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு வந்தது. ஆனால் அம்மனுக்குப் புடவை கட்டிய அந்த அம்மாள் புதுக் கோயிலில் கயிற்றுக்கு வெளியே நின்றார். ஒருநாளும் அவர் அதைக் குறையாகச் சொன்னதில்லை. நான்தான் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆகவே அந்தப் பொறுப்பாளர் சொன்னதில் இரண்டு குத்து இருக்கிறது. ஒன்று பெண் என்பதற்கு, இன்னொன்று தோட்டத்துப் பிள்ளை என்பதற்கு. இரண்டாவதைக் கடிதத்தில் எழுதாதே, நிரூபிக்க முடியாது. என்றைக்கு, எங்கே, யார் முன்னால் சொன்னார் என்று ஒரு நோட்டில் மட்டும் குறித்துவை.

இனி, கேட்டது தப்பா என்பதற்கு. உன் பாடப் புத்தகத்திலேயே இருக்கும் இரண்டு கதைகளை நினைவுபடுத்துகிறேன். திருச்சாத்தமங்கையில் திருநீலநக்கர் வீட்டுக்கு ஞானசம்பந்தர் வருகிறார். கூடவே திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவி மதங்கசூளாமணியாரும். பாணர் குலம். அந்தக் காலக் கணக்கில் அந்தணர் வீட்டுக்குள் அழைக்கப்படாதவர்கள். இவர்கள் இரவு தங்க இடம் கொடுங்கள் என்கிறார் சம்பந்தர். நீலநக்கர் திண்ணையைக் காட்டவில்லை. நடுவீட்டில், வேள்வித் தீ எரியும் வேதிகைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். தீ அணைந்தா போயிற்று? வலமாகச் சுழித்து இன்னும் ஓங்கி எழுந்தது என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடுகிறார். பாணர் குலத்துப் பெண் ஒருத்தி ஓமத் தீக்குப் பக்கத்தில் படுத்து உறங்கிய இரவு அது. உன்னை ஓமகுண்டத்திலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கச் சொல்கிறார்கள்?

இன்னொன்று. தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்தபிறகு அவற்றைப் பாடும் பண், அதாவது ராகம், தெரியவில்லை. நம்பியாண்டார் நம்பியும் சோழ அரசனும் திருஎருக்கத்தம்புலியூருக்குப் போய், அந்த யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுத்தார்கள் என்பது திருமுறை கண்ட வரலாறு. உன் வகுப்புப் பையன்கள் இன்றைக்குப் பாடும் பண்ணெல்லாம் ஒரு பெண் எடுத்துக் கொடுத்தது என்று மரபே சொல்கிறது. அந்த அம்மாளின் பேரை மட்டும் யாரும் குறித்துவைக்கவில்லை. அது வேறு வருத்தம்.

இதைச் சொன்னால் கல்லூரியில் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். "அது புராணம், ஆகமம் வேறு. கோயிலில் ஊருக்காகச் செய்யும் பரார்த்த பூசைக்கு உரியவர்கள் பரம்பரைச் சிவாச்சாரியார்களான ஆதிசைவர். மற்றவர்கள் தீட்சை பெற்றுத் தங்களுக்காக ஆன்மார்த்த பூசை செய்யலாம்." சரி, ஆகமக்காரர்கள் காலகாலமாகச் சொல்வது அதுதான். ஆனால் அதையே அளவுகோலாக எடுத்தால், உன்னோடு படிக்கும் பையன்களில் எத்தனை பேர் ஆதிசைவர் குடும்பம்? உன் கடிதத்தைப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் உன்னைப் போலத் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களைச் சேர்த்து, ஓமகுண்டத்துக்கு முன்னால் உட்கார வைத்து, மந்திரம் சொல்லிக் கொடுத்த அன்றைக்கே அந்தக் கதவு திறந்தாகிவிட்டது. பையன்களுக்குத் திறந்தபோது பேசாமல் இருந்த சாஸ்திரம் பெண்கள் வரும்போது மட்டும் வாய் திறக்கிறது. இது உனக்கு நல்ல வாதம். ஆனாலும் உன் முதல் வாதமாக இதை வைக்காதே என்றுதான் மறுபடியும் சொல்வேன். சாஸ்திரம் பேச ஆரம்பித்தால் மூன்று வருடமும் பேசிக்கொண்டே இருக்கலாம். அதற்குள் உன் படிப்பு முடிந்துவிடும்.

படிப்பு வேறு, பதவி வேறு. இதைத் தமிழ்நாட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அங்கே 1970-இல் பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழித்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1972-இல் உச்ச நீதிமன்றம், பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும், ஆனால் நியமனம் ஆகமத்தை மீறக்கூடாது என்று ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டது. 2006-இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை வந்தது. மதுரை, பழநி, திருச்செந்தூர், திருவண்ணாமலை, ஸ்ரீரங்கம், திருவல்லிக்கேணி என ஆறு இடங்களில் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் படித்து முடித்தார்கள். அப்புறம்? வழக்கு, தடை, 2015-இல் மறுபடியும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதிலும் ஆகமம் பற்றிய நிபந்தனை. படித்தவர்களில் 24 பேருக்கு ஒரே மேடையில் நியமன ஆணை கிடைத்தது 2021 ஆகஸ்டில். கிட்டத்தட்ட பதினான்கு வருடம். அதற்குள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், சிலர் நடுத்தர வயதைத் தாண்டிவிட்டார்கள்.

ஆனால் இதில் ஒன்றைப் பார். வழக்கெல்லாம் கருவறைக்குள் யார் போவது என்பதைப் பற்றித்தான். வகுப்பறைக்குள் உட்கார்ந்து படித்ததைத் திருப்பி வாங்க யாராலும் முடியவில்லை. 2023-இல் ஸ்ரீரங்கத்துப் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். பையன்கள் படித்த அதே பாடம், அதே பயிற்சி. அவர்கள் எந்தக் கோயிலில் என்ன செய்யப்போகிறார்கள் என்பது அடுத்த சண்டை. உனக்கும் அதே வரிசைதான். இப்போது நீ கேட்பது கருவறையை இல்லை, செய்முறை வகுப்பில் ஒரு பாய் போட்டு உட்கார இடம். இதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடு. நீ மூலஸ்தானத்தைக் கேட்கிறாய் என்ற பயம்தான் அவர்களை இறுக்கமாக்குகிறது.

வழக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? நம் நாட்டுக் கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகிய காரணங்களுக்காக மட்டும் பாரபட்சம் கூடாது என்ற பட்டியலில் 2001-இல் பாலினத்தையும் சேர்த்தார்கள். இதைப் படித்துவிட்டுத்தான் நீ வழக்கு என்று கேட்டிருப்பாய். ஆனால் அந்தப் பிரிவு கட்டுவது அரசாங்கத்தையும் பொது அமைப்புகளையும்தான். கர்ப்பமானால் வேலையை விட வேண்டும் என்ற ஒப்பந்த விதியை எதிர்த்து ஒரு விமானப் பணிப்பெண் போட்ட வழக்கில், தனியார் செய்யும் மீறலுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2005-இல் சொல்லிவிட்டது. 2011-இல் கர்ப்பிணி என்பதால் தற்காலிக ஆசிரியர் வேலை மறுக்கப்பட்ட ஒரு பெண் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார். அங்கே எதிர்த்தரப்பு அரசாங்கம். உன் கல்லூரி ஒரு சங்கம் நடத்துவது.

கல்விக்கென்று தனியாக இருக்கும் 12-ஆவது பிரிவைப் பார்த்தால் இன்னும் சங்கடம். அரசு நடத்தும் கல்வி நிலையங்களில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் காரணமாகப் பாரபட்சம் கூடாது என்கிறது. பாலினம் அந்த வரியில் இல்லை. 2001-இல் 8-ஐத் திருத்தியவர்கள் 12-ஐத் தொடவில்லை. சாதி என்ற சொல் இரண்டிலும் கிடையாது. இதோடு 11-ஆவது பிரிவு, ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் சமயக் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளலாம் என்கிறது. கல்லூரியின் வக்கீல் முதலில் நீட்டப் போவது அதைத்தான். மனித உரிமை ஆணையமான சுஹாகாம் இருக்கிறது, 1999-ஆம் வருடத்துச் சட்டப்படி அமைந்தது. புகார் கொடுக்கலாம், விசாரிப்பார்கள், பரிந்துரைப்பார்கள். கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை. உன் அம்மாவின் சம்பளத்தை வக்கீலுக்குக் கொட்டும் அளவுக்கு இதில் பலம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வக்கீல் ஒருவர் வேறு மாதிரி சொல்லலாம். சட்ட உதவித் துறையின் அலுவலகம் ஈப்போவில் இருக்கிறது, ஒருமுறை போய்க் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

ஆனால் பெரிய சட்டம் கைவிடும் இடத்தில் சின்னச் சட்டம் கைகொடுக்கும். அவர்கள் ஒரு பாடத்தைச் சொல்லித் தருவதாக அச்சடித்து, அதற்குப் பணம் வாங்கி, ரசீது கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதியை உனக்குத் தரவில்லை. இதில் சாஸ்திரம் எங்கே வந்தது? பணம் வாங்கிய சேவையைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். 1999-ஆம் வருடத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரையான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள், மனுக் கட்டணம் 5 வெள்ளி, பொதுவாக வக்கீல் வைக்க அனுமதியில்லை. கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கல்வி நிலையங்கள் மீது அங்கே போனவர்கள் உண்டு. இது வியாபாரம் இல்லை, தருமக் காரியம் என்று கல்லூரி வாதாடலாம். வாதாடட்டும். நீ உண்மையில் அங்கே போக வேண்டி வராது என்பது என் கணிப்பு. போக முடியும் என்பது கடிதத்தில் ஒரு வரியாக இருந்தால் போதும்.

மாதவிலக்கு நாள் விஷயம்தான் உன் கையில் இருப்பதிலேயே கெட்டியான சீட்டு. எப்படியென்று பார். 'வீட்டுக்குத் தூரம்' என்றால் கோயிலுக்குள் வரக்கூடாது என்பது பழைய பழக்கம். அது சரியா என்ற பேச்சை ஒதுக்கி வை. வகுப்பறை கோயில் இல்லையே. சரி, வகுப்பறையும் கோயில் கணக்கில்தான் என்றே வைத்துக்கொள்வோம். "வராதே" என்று சொன்னவர்களே "வரவில்லை" என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? மாதம் நான்கு நாள் என்றால் பத்து மாதத்தில் நாற்பது நாள். பரீட்சை எழுத 80 விழுக்காடு வருகை வேண்டும் என்று உன் விதிப் புத்தகம் சொல்கிறதாம். அதாவது பெண்ணாக இருந்தாலே பரீட்சை எழுத முடியாத நிலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறாய். அவர்களில் எவ்வளவு வைதீகமானவராக இருந்தாலும் இந்தக் கணக்கைத் தாளில் பார்த்தால் நெளிவார். நீயும் மற்ற மூன்று பெண்களும் போன இரண்டு பருவத்தில் இப்படி விழுந்த நாட்களைத் தேதியோடு எழுதுங்கள். வகுப்புக்கு வர வேண்டாம் என்று வாட்சாப்பில் செய்தி வந்திருந்தால் படம் பிடித்து வையுங்கள். முதலில் இதைத் தீர்க்கச் சொல். இதில் அவர்கள் இறங்கி வந்தால், செய்முறை வகுப்புக்கும் வழி பிறக்கும்.

அடுத்தது கல்லூரியை யார் நடத்துகிறார்கள் என்பது. நம் நாட்டில் கோயில், சமய அமைப்பு பெரும்பாலும் 1966-ஆம் வருடத்துச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிந்தவைதான். பதிந்த சங்கத்துக்கு எழுதப்பட்ட விதிமுறை இருக்க வேண்டும், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும், கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். மாணவி என்ற முறையில் உனக்கு அந்தக் கூட்டத்தில் குரல் இல்லை. உறுப்பினருக்கு உண்டு. உன் அப்பாவோ மாமாவோ அந்தச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர முடியுமா என்று விதிமுறையைப் பார். சேர்ந்துவிட்டால் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "பெண் பிள்ளைகள் கட்டிய பணத்துக்குச் செய்முறைப் பாடம் ஏன் நடக்கவில்லை?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால், அது கூட்டக் குறிப்பில் ஏறியாக வேண்டும். சங்கக் கூட்டம் என்றாலே நம்மவர்களுக்கு நாற்காலி பறக்கும் காட்சிதான் ஞாபகம் வரும். அதற்காக அதை விட்டுவிடக் கூடாது. அமைதியாகக் கேட்டு, குறிப்பில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் போதும்.

விட்டுவிட்டு வரலாமா என்பதற்கு முன்னால் ஒரு வேலை செய். மலேசியத் தகுதி நிர்ணய முகமையின் பதிவேடு, எம்.கியூ.ஆர். என்பார்கள், இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். உன் டிப்ளோமாவின் பேர் அதில் இருக்கிறதா என்று பார். இருந்தால், பாடத்திட்டத்தில் இருப்பதை நடத்தாமல் விடுவது முகமைக்கும் பதில் சொல்ல வேண்டிய விஷயம், உன் கை ஓங்குகிறது. இல்லையென்றால், அந்தத் தாளை வைத்து மேற்கொண்டு பல்கலைக்கழகம் போவதும், அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் வாங்குவதும் நடக்காது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடு. அப்படிப்பட்ட சான்றிதழுக்காக இன்னொரு வருடம் பூத்தொடுக்க வேண்டுமா என்பதை உன் அம்மாவோடு உட்கார்ந்து பேசு. திருமுறை படிக்கத்தான் ஆசையென்றால், கல்லூரிக்கு வெளியே சொல்லித் தரும் ஓதுவார்கள் இருக்கிறார்கள். படித்தது எதுவும் வீண் போகாது. ஆனால் பதில் வாங்காமல் வெளியே வந்தால் "அந்தப் பெண்ணால் தாக்குப் பிடிக்க முடியவில்லை" என்று அடுத்த வருடப் பிள்ளைகளிடம் கதை சொல்வார்கள்.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1971-இல் இடைநிலைப்பள்ளிக்காகப் பட்டணத்தில் ஒரு சமய அமைப்பு நடத்திய மாணவர் விடுதியில் என்னைச் சேர்த்தார்கள். தோட்டத்துக் குமாஸ்தாக்களான கிராணிமார் பிள்ளைகளுக்கும் பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் கூடத்தில் பந்தி. தோட்டத்துப் பிள்ளைகள் பதினோரு பேருக்குப் பின்வாசல் தாழ்வாரம், அதுவும் இரண்டாவது பந்தி. யாரும் எங்களைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பாய் மட்டும் வேறு இடத்தில் விரிந்திருக்கும். நான்கைந்து மாதம் கழித்து அம்மா பார்க்க வந்தபோது அதைப் பார்த்துவிட்டார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் ரசீது என்றால் சாமி மாதிரி. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் நம்ம ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் ஆரம்பித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அப்பா பங்குப் பணம் கட்டிய ரசீதெல்லாம் அரிசி டின்னுக்கு அடியில் துணியில் சுற்றி இருக்கும். அந்தப் பழக்கத்தில் விடுதி ரசீதுகளையும் அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். பொறுப்பாளர் மேசையில் அதைப் பரப்பி, பக்கத்தில் நின்ற கிராணி மகனைக் காட்டி, "ஐயா, இந்தப் புள்ள எவ்வளவு கட்டுது?" என்றார். ஒரே தொகைதான். அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. ரசீதுகளைத் திரும்ப மடித்து முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டார்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒருநாள், தாழ்வாரத்துக் கூரை ஒழுகுகிறது, எல்லாரும் கூடத்திலேயே சாப்பிடுங்கள் என்றார்கள். அந்த மாதம் மழையே இல்லை. தப்பு என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, மன்னிப்பும் இல்லை. எனக்குப் 'பிரச்சினைக்காரி மகன்' என்று ஒரு பேர் மட்டும் வருடக் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. உனக்கும் அப்படித்தான் நடக்கும் என்று எதிர்பார். "பெண்களுக்கும் செய்முறை" என்று அறிவிக்க மாட்டார்கள். "இடவசதி கிடைத்திருக்கிறது", "புது ஆசிரியர் வந்திருக்கிறார்" என்று ஏதாவது ஒரு கூரை ஒழுகும். அதை வைத்து அவர்களைக் கிண்டல் செய்யாமல் பாயை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடு.

விலை இல்லாமல் இருக்காது. உள்மதிப்பீட்டு மார்க்கில் கை வைக்கலாம். அதனால் கடிதம் கொடுப்பதற்கு முன்னாலேயே இதுவரை வாங்கிய மார்க்குகளைப் படியெடுத்துவை, பிறகு திடீரென்று சரிந்தால் கேட்க வசதியாக இருக்கும். மற்ற மூன்று பெண்களில் யாராவது கடைசி நேரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதே. அவள் வீட்டில் என்ன நிலைமையோ. ஒரு கையெழுத்து இருந்தாலும் கடிதம் கடிதம்தான். முகநூலில் கல்லூரிப் பேரைப் போட்டு எழுதுவதை இப்போதைக்குத் தவிர். எழுதினால் பேச்சு முழுக்க நீ எழுதியதைப் பற்றியே திரும்பிவிடும், அவதூறு வழக்கு என்று மிரட்டவும் வழி கொடுத்ததாகும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். 'வணக்கம்' என்று தொடங்கி, நீ சேர்ந்த தேதி, கட்டிய தொகை, பாடத்திட்டத்தின் எந்தப் பக்கத்தில் செய்முறை இருக்கிறது, இதுவரை எத்தனை வகுப்பு நடந்தது, அதில் பெண்கள் எத்தனை வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்று வரிசையாக எழுது. பிறகு வருகைப் பதிவுக் கணக்கு. 'பாரபட்சம்', 'அநியாயம்', 'ஆணாதிக்கம்' மாதிரிச் சொற்கள் எதுவும் வேண்டாம், எண்களே பேசிக்கொள்ளும். கடைசியில் இரண்டு வேண்டுகோள்: வரக்கூடாது என்று சொல்லப்பட்ட நாட்களை வருகையில் குறைக்கக்கூடாது, அடுத்த பருவத்திலிருந்து செய்முறை வகுப்பில் பெண்களும் உட்கார வேண்டும். 21 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தரும்படி கேள், வராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போவதாக ஒரு வரி. தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று. மலாயில் இருந்தால்தான் நாளைக்கு எந்த அலுவலகத்திலும் நீட்ட முடியும். முதல்வருக்கு ஒரு படி, சங்கச் செயலாளருக்கு ஒரு படி. கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கு. தர மறுத்தால் சுங்கை சிப்புட் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அந்தச் சீட்டைக் கட்டண ரசீதுகளோடு சேர்த்து அம்மாவிடம் கொடுத்துவை. விடுதி அலமாரியில் வைக்காதே.